இறக்கிய செயலி திறக்க மறுத்தால்: கொழிஞ்சாம்பாறைக் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பாலக்காடு போகிற சாலையில், கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் ஒரு டிடிபி, ஆன்லைன் சேவைக் கடைதான் இந்த ஆய்வின் களம். தமிழிலும் மலையாளத்திலும் தட்டச்சு, ஸ்கேன், விண்ணப்பப் பதிவு, கல்யாணப் பத்திரிகை என்று வேலை ஓயாத கடை. கணினிகள் மூன்று. முதலாவது, புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 டெஸ்க்டாப். பழைய டெஸ்க்டாப்பின் மதர்போர்டு போய்விட்டதால் அதன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி கேஸில் போட்டு, புதியதோடு இணைத்திருந்தார்கள். இரண்டாவது, உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் ஓடும் லேப்டாப். கேரளப் பள்ளிகளில் கணினிப் பாடம் லினக்ஸில்தான் என்பதால் வீட்டுப் பிள்ளைகளுக்காக வைத்திருப்பது. மூன்றாவது, பத்திரிகை வடிவமைக்கும் மேக் மினி.

"ஏனுங்கண்ணா, எதைத் திறந்தாலும் பர்மிஷன் இல்லைங்குது" என்பதுதான் கடைக்காரப் பெண்மணி சொன்ன புகார். மூன்று கணினியிலும் ஒரே நோய் என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். அதனால் மூன்றுக்கும் ஒரே மருந்து தேடி, கைக்கு வந்த எல்லாவற்றையும் செய்து பார்த்திருந்தார்கள்: ஆன்டிவைரஸை அணைத்தது, எல்லாச் செயலியையும் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்தது, கடையின் மென்பொருள் ஃபோல்டருக்கு 'எவ்ரிஒன் – ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்தது. எதுவும் பலிக்கவில்லை.

முதலில் பழைய நிலைக்கு

ஆன்டிவைரஸை மறுபடி இயக்கி, 'எவ்ரிஒன்' வரியை நீக்கிய பிறகுதான் சோதனையே தொடங்கியது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இணையத்தில் பலர் சொல்லும் யோசனை 'எவ்ரிஒன் – ஃபுல் கன்ட்ரோல்' தான். கேடான யோசனையும் அதுதான். அந்த ஃபோல்டரில் இருக்கும் இன்ஸ்டாலரை இனி எந்தச் சாதாரண நிரலும் மாற்றி எழுதலாம். வேறொரு வழியில் உள்ளே வந்த தீங்குநிரல் அந்த இன்ஸ்டாலரின் இடத்தில் தன்னைப் போட்டு வைத்தால், அடுத்த முறை நீங்களே அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் கொடுத்து ஓட்டிவிடுவீர்கள். வாடிக்கையாளரின் ஆதார் நகலும் நிலவரி ரசீதும் கிடக்கும் கடையில் இது சின்ன விஷயம் இல்லை.

ஒரு செயலியைத் திறக்கவிடாமல் தடுப்பது பல இடங்களில் நடக்கலாம். கோப்பின் மீதுள்ள உரிமைப் பட்டியல் தடுக்கலாம், 'இது இணையத்திலிருந்து வந்தது' என்ற முத்திரை தடுக்கலாம், கோப்பு இருக்கும் டிஸ்க்கின் தன்மை தடுக்கலாம், பாதுகாப்பு மென்பொருள் தடுக்கலாம், நிறுவனக் கொள்கை தடுக்கலாம். செய்தி மட்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே வரும். ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன், தடுத்தது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். விண்டோஸில் அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு: திறக்க மறுக்கும் கோப்பை உங்கள் சொந்த டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்கு காப்பி செய்து பாருங்கள். காப்பியே ஆகவில்லை என்றால் படிக்கும் உரிமையே இல்லை. சிக்கல் உரிமைப் பட்டியலில். காப்பி ஆகிறது, அங்கிருந்து திறக்கவும் செய்கிறது என்றால் பழைய இடத்தில்தான் கோளாறு. காப்பி ஆகிறது, ஆனாலும் திறக்கவில்லை என்றால் முத்திரையையோ பாதுகாப்பு மென்பொருளையோ சந்தேகப்பட வேண்டும்.

பழைய டிஸ்க்கில் இருந்த ஸ்கேனர் இன்ஸ்டாலர்

விண்டோஸ் கணினியில் வந்த செய்தி இது: 'விண்டோஸ் கேனாட் ஆக்சஸ் த ஸ்பெசிஃபைடு டிவைஸ், பாத், ஆர் ஃபைல்.' கூடவே, உங்களுக்கு உரிய அனுமதி இல்லாமல் இருக்கலாம் என்ற வரி. இன்ஸ்டாலர் இருந்தது பழைய டிஸ்க்கில், பழைய பயனரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில். காப்பி செய்யப் பார்த்தால் அதுவும் மறுப்பு. பிராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி தாவலைத் திறந்ததும் காரணம் பளிச்சென்று தெரிந்தது: பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அக்கவுன்ட் அன்னோன்', பக்கத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்.

விண்டோஸ் ஒருவரைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. அந்த நீண்ட எண்ணால்தான் காண்கிறது. ஒவ்வொரு விண்டோஸ் நிறுவலும் தன் பயனர்களுக்குத் தனி எண் கொடுக்கும். பழைய கணினியிலும் புதியதிலும் கணக்கின் பெயர் 'ஷாப்' என்றே இருந்தாலும் எண் வேறு. பழைய டிஸ்க்கில் உள்ள கோப்புகள் பழைய எண்ணுக்கு மட்டுமே உரிமை தந்திருக்கின்றன. புதிய விண்டோஸுக்கு அந்த எண் யாரென்றே தெரியாது.

டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் வழி இப்படி: தேவையான ஃபோல்டரின் மீது வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. மேலே ஓனர் என்ற வரியில் 'சேஞ்ச்' அழுத்தி, இப்போதைய கணக்கின் பெயரை எழுதி, 'செக் நேம்ஸ்' கொடுத்து ஓகே. பிறகு, உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் கோப்புகளுக்கும் உரிமையாளரை மாற்றச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டு 'அப்ளை'. இதோடு நிறுத்திவிட்டு, ஆகவில்லை என்பவர்கள் நிறைய. உரிமையாளர் ஆவது வேறு, உரிமை கிடைப்பது வேறு. எல்லா ஜன்னல்களையும் மூடி, மறுபடி அதே அட்வான்ஸ்டு பக்கத்துக்கு வந்து, 'ஆட்' கொடுத்து, உங்கள் கணக்கைச் சேர்த்து, 'ரீட் அண்ட் எக்ஸிக்யூட்' உரிமை தந்து, கீழே உள்ள கோப்புகளின் பட்டியலையும் இதனால் மாற்றச் சொல்லும் கட்டத்தையும் டிக் செய்ய வேண்டும். இன்ஸ்டாலரை ஓட்ட இந்த உரிமை போதும்.

இதை அந்த ஒரு ஃபோல்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் சி டிரைவ், விண்டோஸ் ஃபோல்டர், புரோகிராம் ஃபைல்ஸ் ஆகியவற்றில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. கணினிக் கோப்புகளின் உரிமையாளர் அங்கே 'டிரஸ்டட்இன்ஸ்டாலர்' என்ற விண்டோஸின் சொந்தக் கணக்கு. அதை மாற்றினால் இன்று ஒரு செயலி திறக்கும். நாளை விண்டோஸ் அப்டேட்டும் ஸ்டோரும் மக்கர் செய்யலாம். பிறகு சரிசெய்ய விண்டோஸையே மறுபடி நிறுவ வேண்டியும் வரும்.

ஆனால் இந்தக் கடையில் அந்த வழி எடுக்கப்படவில்லை. டிஸ்க் தன் நலம் பற்றித் தானே குறித்துவைக்கும் 'ஸ்மார்ட்' விவரத்தைப் பார்த்தபோது கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள் இருந்தன. உரிமையாளரை மாற்றுவது என்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்க்கில் ஒரு எழுத்து வேலை; ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு அது நடந்தால் பலவீனமான டிஸ்க் அப்போதே படுத்துவிடலாம். அதனால் டிஸ்க்கை உபுண்டு லேப்டாப்பில் செருகினார்கள். சாதாரணமாக இணைக்கும்போது லினக்ஸ், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையில் எழுதியிருக்கும் உரிமைப் பட்டியலைப் பொருட்படுத்தாது, எல்லாவற்றையும் படிக்கவிடும். தேவையான கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு எடுத்து, அதைப் புதிய கணினியில் போட்டதும் ஸ்கேனர் இன்ஸ்டாலர் ஓடியது. (இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. டிஸ்க் கையில் கிடைத்த யாரும் இப்படிப் படிக்கலாம். வாடிக்கையாளர் ஆவணங்கள் உள்ள டிஸ்க்கில் பிட்லாக்கர் போன்ற குறியாக்கம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத பூட்டு, வேண்டும் என்பது இதனால்தான்.) பழைய கணினியில் கோப்புகளை இஎஃப்எஸ் முறையில் குறியாக்கம் செய்திருந்தால் மட்டும் இந்த வழியும் உதவாது, அதற்குப் பழைய சான்றிதழ்ச் சாவி வேண்டும்.

இன்னொன்றையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஒரே டிரைவுக்குள் ஒரு கோப்பைக் கட் செய்து இன்னொரு ஃபோல்டரில் பேஸ்ட் செய்தால், அதன் மீது தனியாக எழுதப்பட்ட உரிமைகள் அதோடே போகும். காப்பி செய்தால் புதிய கோப்பு. போய்ச் சேரும் ஃபோல்டரின் உரிமைகளை எடுத்துக்கொள்ளும். இன்னொரு டிரைவுக்கு நகர்த்தினாலும் உள்ளே நடப்பது காப்பிதான். 'ஃபோல்டரை மாற்றிப் பார்த்தேன், அப்பவும் வரலை' என்பவர்களில் பலர் கட் செய்தவர்கள்.

ஜிப்பில் வந்த எழுத்துரு மாற்றி

அடுத்தது பழைய தமிழ் எழுத்துருக்களை யூனிகோடுக்கு மாற்றும் சிறு செயலி, ஜிப்பாக இறக்கியது. முதலில், அறிமுகமில்லாத செயலி என்று எச்சரிக்கும் விண்டோஸ் காவலான ஸ்மார்ட்ஸ்கிரீனின் நீலப் பெட்டி வந்தது. 'மோர் இன்ஃபோ', 'ரன் எனிவே' கொடுத்தார்கள். செயலி ஓடத் தொடங்கி உடனே விழுந்தது. பிழைச் செய்தியில் 80131515 என்று முடியும் எண்.

உலாவி ஒரு கோப்பை இறக்கும்போது, என்டிஎஃப்எஸ் டிரைவில் அதோடு ஒட்டிய மறைவான பக்கத்தில் 'ஜோன் ஐடென்டிஃபையர்' என்று ஒரு குறிப்பு எழுதிவைக்கும். இணையத்திலிருந்து வந்தது என்றால் அதில் ஜோன் எண் 3. ஸ்மார்ட்ஸ்கிரீன் பார்ப்பது இந்த முத்திரையைத்தான். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் ஜிப்பை விரித்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் முத்திரை கடத்தப்படும். 'ரன் எனிவே' கொடுத்தது முதன்மைக் கோப்புக்கு மட்டும். அது அழைக்கிற டிஎல்எல் என்ற துணைக் கோப்புகளில் முத்திரை அப்படியே இருந்தது. இந்தச் செயலியை ஓட்டும் விண்டோஸ் பகுதியான டாட்நெட் ஃபிரேம்வொர்க் அவற்றை ஏற்ற மறுத்தது. மேலே சொன்ன எண்ணின் பொருள் இதுதான்.

செய்ய வேண்டியது: விரித்த ஃபோல்டரை அழித்துவிட்டு, ஜிப்பின் மீதே வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஜெனரல் தாவலின் அடியில் 'அன்பிளாக்' டிக், ஓகே. அதன்பின் விரித்தால் உள்ளே எதிலும் முத்திரை இருக்காது. விரித்த பிறகு ஒவ்வொன்றாக அன்பிளாக் செய்துகொண்டிருந்தால் ஒன்றாவது விட்டுப்போகும்.

'பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்தா ஓடுது, நேரா இறக்குனா ஓடலை' என்று கடையில் சொன்னதற்கும் இங்கே விடை இருக்கிறது. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் டிரைவுகளில் அந்த மறைவான பக்கத்துக்கு இடமில்லை; முத்திரை வழியிலேயே உதிர்ந்துவிடும். சில விரிப்பான்களும் முத்திரையை உள்ளே கடத்துவதில்லை. 7-ஜிப்பில் 2022-இல் வந்த 22.00 பதிப்பில்தான் அந்த வசதி சேர்ந்தது. அமைப்புகளில் போய் நாமே இயக்கினால்தான் வேலை செய்யும். முத்திரை உதிர்ந்ததால் கோப்பு நல்லதாகிவிடாது, காவல் பார்க்காமல் விட்டது என்றுதான் பொருள்.

அதனால் அன்பிளாக்குக்கு முன் இரண்டு பார்வை கட்டாயம். பிராப்பர்ட்டீஸில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' தாவல் இருந்தால் கையெழுத்திட்டவர் பெயர் நீங்கள் எதிர்பார்க்கும் நிறுவனம்தானா என்று பாருங்கள். தயாரிப்பாளர் தளத்தில் கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ256 எண் தந்திருந்தால், விண்டோஸிலேயே உள்ள செர்ட்யூட்டில் கட்டளையில் 'ஹேஷ்ஃபைல்', கோப்பின் பெயர், கடைசியில் 'எஸ்எச்ஏ256' கொடுத்து எடுத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் கோப்பை அழித்துவிடுங்கள். கையெழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை, இறக்கியது ஏதோ ஒரு பகிர்வுத் தளத்தில் என்றால், அந்தச் செயலி கடைக் கணினிக்கு வேண்டாம்.

திறந்தது, சேமிக்கவில்லை

ஸ்கேனர் செயலி நிறுவியாயிற்று, திறந்தும் ஆயிற்று. ஸ்கேன் செய்து டாக்குமென்ட்ஸில் சேமிக்கும்போது மறுபடி 'அனுமதி இல்லை'. ஃபோல்டரின் உரிமைப் பட்டியல் சரியாக இருந்தது. நோட்பேடில் எழுதிச் சேமித்தால் சேமிக்கிறது. ஒரே ஃபோல்டரில் ஒரு செயலிக்கு முடிகிறது, இன்னொன்றுக்கு முடியவில்லை என்றால் உரிமைப் பட்டியலை நோண்டிப் பயனில்லை.

விண்டோஸ் செக்யூரிட்டியில் 'புரொடெக்ஷன் ஹிஸ்டரி'யைப் பார்த்ததும் தெரிந்தது: 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' ஸ்கேனர் செயலியைத் தடுத்திருக்கிறது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேருக்கு எதிரான காவல் இது. விண்டோஸ் 10-இல் 2017-இன் 1709 பதிப்பிலிருந்து இருக்கிறது. தானாக இயங்காது, கணினியை அமைத்துக் கொடுத்தவர் இயக்கி வைத்திருந்தார். நல்ல காரியம்தான். அதை அணைக்காமல், 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்' பக்கத்தின் அடியில் 'ரேன்சம்வேர் புரொடெக்ஷன்' உள்ளே போய், அந்தச் செயலியை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்த்தார்கள். சேமிப்பு உடனே சரியானது.

அதே ஹிஸ்டரி பக்கம் இன்னொன்றுக்கும் உதவும். டெஸ்க்டாப்பில் ஐகான் இருக்கும், அது காட்டும் கோப்பை ஆன்டிவைரஸ் பிடித்துத் தனியே அடைத்திருக்கும். அப்போதும் வரும் செய்தி 'கேனாட் ஆக்சஸ்' ஆக இருக்கலாம். பிடித்த கோப்பை மீட்பதற்கு முன், எந்தப் பெயரில் பிடித்தது என்று படியுங்கள். விலையுள்ள வடிவமைப்பு மென்பொருளின் கிராக் என்றால் மீட்கவே வேண்டாம்.

உபுண்டுவில் ஆப்இமேஜ்

லேப்டாப்பில் ஒரு ஆப்இமேஜ் கோப்பு (நிறுவாமலே ஓடும்படி ஒரே கோப்பாக வரும் லினக்ஸ் செயலி), பென்டிரைவில் இருந்தபடியே திறக்கப் பார்த்தார்கள். இரண்டு கிளிக் செய்தால் ஒன்றும் நடக்கவில்லை. கட்டளை தட்டும் டெர்மினல் ஜன்னலில் 'பெர்மிஷன் டினைடு'. லினக்ஸில் இறக்கிய கோப்புக்கு இயங்கும் உரிமை தானாக வராது. வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், பெர்மிஷன்ஸ், அங்கே நிரலாக இயங்க அனுமதிக்கும் கட்டம். இவர்கள் அதைத் தெரிந்தே செய்திருந்தார்கள். டிக் போட்டால் போடப்போடக் கழன்றது.

காரணம் பென்டிரைவ். ஃபேட்32-இல் லினக்ஸின் உரிமைக் குறிகளை எழுத இடமே இல்லை. இணைக்கும்போதே எல்லாக் கோப்புக்கும் ஒரே உரிமையை உபுண்டு போர்த்திவிடும். இஎக்ஸ்இ, பேட், காம் என்று முடியும் பெயர்களுக்கு மட்டும் இயங்கும் உரிமை காட்டும், ஆப்இமேஜுக்குக் காட்டாது. நிர்வாகி அதிகாரம் தரும் சுடோ கட்டளையைப் போட்டாலும் மாறாது. கோப்பை ஹோம் ஃபோல்டருக்கு காப்பி செய்து, அங்கே டிக் போட்டால் நிற்கும்.

நின்றது; ஆனால் அடுத்த செய்தியாக, ஆப்இமேஜ் தன் உள்ளடக்கத்தை ஒரு டிஸ்க் போல இணைத்துக்கொள்ள உதவும் ஃபியூஸ் இல்லை என்றது. உபுண்டு 22.04-இலிருந்து லிப்ஃபியூஸ்2 முன்கூட்டியே நிறுவப்பட்டு வருவதில்லை. பழைய பாணி ஆப்இமேஜ்களுக்கு அது வேண்டும். உபுண்டுவின் நிறுவல் கட்டளையான ஏபிடி வழியாக 'லிப்ஃபியூஸ்2' என்ற பொதியை மட்டும் நிறுவ வேண்டும். 24.04-இல் அதன் பெயர் 'லிப்ஃபியூஸ்2டி64'. வெறும் 'ஃபியூஸ்' என்ற பொதியை 22.04-இல் நிறுவிவிடாதீர்கள், அது ஃபியூஸ்3-ஐ நீக்கி, அதை நம்பியிருக்கும் டெஸ்க்டாப் பகுதிகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். எதை நீக்கப்போகிறது என்று ஏபிடி முன்னாலேயே காட்டும். ஒய் அழுத்துவதற்கு முன் அந்தப் பட்டியலைப் படியுங்கள்.

ஆப்இமேஜைச் சுடோ போட்டு ஓட்டுவது வழியே இல்லை. இணையத்தில் இறக்கிய நிரலுக்கு மொத்தக் கணினியையும் கொடுப்பது அது. சுருக்கிய டார் கோப்பைச் சுடோ போட்டு விரிப்பதும் அப்படித்தான்: உள்ளே இருப்பவை உங்கள் பெயரில் இல்லாமல் ரூட் (நிர்வாகி) பெயரிலோ தயாரித்தவரின் எண்ணிலோ உட்கார்ந்துகொள்ளும், அதற்குப் பிறகு செயலி தன் அமைப்புகளைக்கூட எழுத முடியாது.

மேக் மினியில் இரண்டு கதவு

வடிவமைப்புச் செயலியை விண்டோஸ் கணினியில் இறக்கி, அங்கேயே விரித்து, மறுபடி ஜிப்பாக்கி, பென்டிரைவில் மேக்குக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மேக் சொன்னது, இந்தச் செயலியைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை. 'கெட் இன்ஃபோ'வில் 'ஷேரிங் அண்ட் பெர்மிஷன்ஸ்' பார்த்தால் 'ரீட் அண்ட் ரைட்' இருக்கிறது. இங்கேதான் பலர் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அந்தப் பெட்டி இயங்கும் உரிமையைக் காட்டுவதே இல்லை. மேக்கில் செயலி என்பது உண்மையில் ஒரு ஃபோல்டர். அதற்குள் கன்டென்ட்ஸ், அதற்குள் மேக்ஓஎஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும் முதன்மைக் கோப்புக்கு இயங்கும் குறி இருக்க வேண்டும். விண்டோஸில் விரித்து மறுபடி ஜிப்பாக்கியபோது அந்தக் குறி தொலைந்தது.

டெர்மினலில் அந்தக் குறியைத் திரும்பப் போடலாம். ஆனால் குறி தொலைந்த இடத்தில் உள்ளே இருந்த இணைப்புக் கோப்புகளும் சிதைந்திருக்கும், கையெழுத்து பொருந்தாது. மேக்கிலேயே, தயாரிப்பாளர் தளத்திலிருந்து மறுபடி இறக்குவதுதான் நேரான வழி. அப்படியே செய்தார்கள்.

இரண்டாவது கதவு, மேக்கின் செயலிக் காவலான கேட்கீப்பர். 2012 முதல் இருக்கிறது. தயாரிப்பாளர் ஆப்பிளிடம் முன்கூட்டிச் சோதனைக்குக் கொடுத்துச் சான்று பெறாத செயலியை இணையத்திலிருந்து இறக்கினால் நிறுத்திவிடும். முன்பு கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கிளிக் செய்து 'ஓபன்' கொடுத்தால் தாண்டலாம். 2024-இல் வந்த செக்கோயா பதிப்பில் அந்தக் குறுக்குவழி எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது ஒரு முறை திறக்க முயன்று, மறுப்புப் பெட்டியை 'டன்' கொடுத்து மூடி, சிஸ்டம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தின் அடிக்குப் போனால் 'ஓபன் எனிவே' இருக்கும். முயன்ற பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் மட்டுமே அந்தப் பொத்தான் தெரியும். காணோம் என்றால் செயலியை மறுபடி ஒரு முறை திறக்க முயல வேண்டும். 'டேமேஜ்டு, டிராஷுக்கு நகர்த்துங்கள்' என்று வந்தால் இந்த வழியில் போகாமல் கோப்பை அழித்து மறுபடி இறக்குங்கள். பெரும்பாலும் கையெழுத்து குலைந்த கோப்பு அது.

திறந்த செயலி தன் அப்டேட்டை நிறுவ முடியவில்லை என்றால், அதை டவுன்லோட்ஸிலிருந்தே ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். முத்திரையுள்ள செயலியை அங்கிருந்து ஓட்டினால், எழுத முடியாத தற்காலிக இடத்தில் வைத்து மேக் ஓட்டும். ஃபைண்டரில் இழுத்து அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் போட்டால் தீர்ந்தது.

தீர்க்காமல் விட்டது

கடைக்கு அவ்வப்போது வரும் ஒரு வாடிக்கையாளரின் அலுவலக லேப்டாப்பிலும் இதே புகார். அதில் வந்த செய்தி வேறு: செயலியைக் கணினி நிர்வாகி தடுத்திருக்கிறார் என்றது. உரிமை, முத்திரை, டிஸ்க் எல்லாம் சரியாக இருந்தாலும் நிறுவனக் கொள்கை தடுத்தால் கடையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. செயலியின் பெயர், தயாரிப்பாளர், இறக்கிய முகவரி, எஸ்எச்ஏ256 எண், திரையின் படம் இவற்றை எழுதிக் கொடுத்து, அவர்கள் அலுவலக ஐடி பிரிவிடம் கேட்கச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டு விண்டோஸ் 11-இல், நம்பகம் தெரியாத செயலிகளை நிறுத்தும் 'ஸ்மார்ட் ஆப் கன்ட்ரோல்' தடுத்தாலும் நிலைமை கிட்டத்தட்ட இதுவே: ஒரு செயலிக்கு மட்டும் விலக்கு தர அதில் வழி கிடையாது. தயாரிப்பாளரிடம் கையெழுத்திட்ட பதிப்பு உண்டா என்று கேட்க வேண்டும், இல்லையென்றால் அதே வேலையைச் செய்யும் வேறு செயலியைத் தேட வேண்டும்.